பழுதுபார்க்கும் கையும் நெடுவழியும்

நெடுவழிப் பயணத்துக்கு ஏற்ற சைக்கிள் எது என்று மாணவர்களும் சக ஆசிரியர்களும் என்னைக் கேட்பதுண்டு. அன்றாடம் பாடசாலைக்குச் சைக்கிளில் வருபவன், விடுமுறையில் அதே சைக்கிளில் மன்னார்வரை சென்று மீள்பவன் என்பதால் விடை கூறும் தகுதி எனக்கு உண்டென அவர்கள் கருதுகின்றனர் போலும். வினா சிறியதே. ஆயினும் விடை தேடப் புகுந்தால், ஒரு பொருளின் தகுதியைத் தீர்மானிக்க வேண்டியவர் விற்பவரா, வாங்குபவரா, அதைத் திருத்தும் தொழிலாளியா என்ற பெரிய வினாவில் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றது.

சந்தையின் விடை ஆயத்தமாகவே உள்ளது. அலுமினியச் சட்டம், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிறேக், இருபதுக்கு மேற்பட்ட கியர்கள் ஆகியவை இன்றிச் ‘சாகசப் பயணம்’ இல்லையென அது சாதிக்கின்றது. இவை பயனற்றவை என்று நான் கூறவில்லை. மலைநாட்டு ஏற்றங்களில் கியரின் அருமையை மறுப்பவர் எவர்? ஆனால் புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே ஒரு சிறு சந்தியில் அந்தப் பிறேக் கசிந்துவிட்டால் அதற்குரிய எண்ணெயைத் தருபவர் யார்? அந்தச் சைக்கிளின் உடைமையாளர் தம் பொருளுக்கே அந்நியராகி நிற்பார். கொழும்பிலிருக்கும் கடையொன்றின் தயவில் அவரது பயணம் தங்கியிருக்கும்.

நான் கற்பிக்கும் ஆலங்குடா, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் உள்ளது. ஒரு புறம் பெருங்கடல். மறு புறம் புத்தளம் கடனீரேரி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், பெரும் பட்டங்களைப் பிடித்து அலைமேற் சறுக்கி விளையாட அயல்நாட்டார் இப்பகுதிக்கு வருகின்றனர். அவர்களுக்கு விளையாட்டாகும் அதே காற்று, உப்பையும் மணலையும் சுமந்துவந்து மீனவரின் படகு இயந்திரத்தையும் தோட்டத்துக் கூலியாளரின் சைக்கிளையும் தின்கின்றது. அலுமினியத்துக்குக் கறள் இல்லை என்பர். ஆனால் அலுமினியத்திற் பூட்டிய இரும்பு ஆணியை உப்பு இறுகப் பிடித்துவிட்டாற் கழற்றுவது பெரும்பாடு. இரும்பின் நோயோ கண்ணுக்குத் தெரியும். தெரிந்த நோய்க்கு மருந்தும் எளிது. வெடித்த இரும்புச் சட்டத்தை ஒட்ட வல்ல பட்டறை ஒவ்வொரு சிற்றூரிலும் உண்டு.

ஆகவே பழைய இரும்புக் கடையொன்றிற் கிடந்த றலி சைக்கிளை நான் தேர்ந்தேன். தேர்ந்தேன் என்பதிலும் பார்க்க, எங்களூர்ச் சைக்கிள் திருத்துநரான நானா எனக்காகத் தேர்ந்தார் என்பதே பொருந்தும். பின்சில்லு பூட்டும் இடத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, முன்கழுத்தைச் சுற்றி, மறுபுறத்தே அதே இடத்துக்குக் கொண்டுவந்து கட்டினார். இருபுற நூலும் இருக்கைக் குழாயிலிருந்து சம தூரத்தில் நின்றன.

“மாஸ்டர், கறள் மேலாலதான் இருக்கு. சட்டம் நேரா நிக்கிது. மத்ததெல்லாம் மாத்தலாம். சட்டம் வளைஞ்சிருந்தா நான் வேணாம் எண்டிருப்பன்” என்றார்.

ஒரு நூல்தான் அவரது ஆய்வுகூடம்!

திருத்தும் பணி ஒரு மாதம் நீடித்தது. பெடற் கொம்பை அச்சோடு பிணைக்கும் ஆப்புகள் மண்ணெண்ணெயில் ஊறியபின்னரே அசைந்தன. நடு அச்சில் கால் அங்குலக் குண்டுகள் 22, முன்சில்லில் சிறு குண்டுகள் 20, பின்சில்லில் 18; அனைத்தையும் கழுவி, தேய்ந்தவற்றை மாற்றி, கொழுப்பிட்டு அடைத்தோம். முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 என்ற பழைய ஆங்கிலேய வழக்கப்படி 72 கம்பிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிச் சில்லின் நெளிவை எடுத்தோம். பின் பற்சக்கரத்தை மட்டும் 18 பல்லிலிருந்து 20 பல்லுக்கு மாற்றினோம். முன்னே 44 பல் இருக்க, பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.4 மீற்றர் ஓடிய வண்டி இப்போது 4.9 மீற்றர் ஓடும். வேகம் சிறிது குறையும். எதிர்க்காற்றில் முழங்கால் பிழைக்கும். இருபது கியர் வாங்க இயலாதவனுக்கு இரண்டு பல் போதுமாயிற்று.

இஃது ஏழ்மைக்குக் கூறும் சமாதானம் என எண்ண வேண்டாம். 1963 இல் அயர்லாந்துப் பெண்மணி டேர்வ்லா மேர்ஃபி, ஐரோப்பாவினூடாகவும் பாரசீகம், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகவும் தில்லிவரை சைக்கிளில் தனியே வந்தார். புறப்படுமுன் தம் வண்டியிலிருந்த மூன்று வேகக் கியரை அவர் கழற்றிவிட்டார். ஆசியப் பாதைகளை அந்த நுண்கருவி தாங்காது என்பது அவரது கணிப்பு. நெடுவழியைத் தெரிந்தவர்கள், திருத்தக்கூடியதையே நம்பினர்.

ஆனால் நம் நாட்டில் நெடுவழியை யார், எதற்காகக் கடந்தனர்? நானா மன்னார்த் தீவிற் பிறந்தவர். அங்கும் இதே தொழில். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 30 ஆம் நாள் யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவினர் பலர் படகுகளிற் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். ஆலங்குடாவும் அயலூர்களும் அவர்களுக்கு இடமளித்தன. இழந்த வீட்டைப்பற்றி நானா அதிகம் பேசுவதில்லை. “வாடிக்கைக்காரங்கட மூணு சைக்கிள் கழட்டினபடி கிடந்திச்சு மாஸ்டர். பூட்டிக் குடுக்காம வந்திட்டன்” என்பதே அவரது தீராக் குறை.

ஐந்தாண்டுகள் கழித்து, 1995 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் நாள், போர் நெருங்கிவர, புலிகளின் அறிவிப்பின்பேரில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். முதியோரையும் மூட்டைகளையும் சைக்கிள்கள் சுமந்தன. அதற்கு முன்பும் பொருளாதாரத் தடையின் ஆண்டுகளில் விறகு சுமந்ததும், டைனமோவைச் சுழற்றி வானொலிக்கு உயிர் கொடுத்ததும், கிளாலிக் கடனீரேரியிற் படகேறியதும் அந்தச் சைக்கிள்களே. நம் மக்களின் மாபெரும் சைக்கிள் பயணங்கள் எவையும் சாகசம் என்ற பெயரில் நிகழவில்லை. ஒரு நாள் ஒரு சமூகம் துரத்தப்பட்டது. அதே நாளில் மற்றொரு சமூகம் வேரோடு பெயர்ந்தது. இவ்விரண்டையும் ஒரே வரலாறாகப் படிக்க நாம் இன்னும் பழகவில்லை.

இந்த எண்ணத்தோடுதான் சென்ற விடுமுறையில் மன்னாருக்குப் புறப்பட்டேன். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி பின்னே மறைய, பாலாவி, புத்தளம் கடந்து அனுராதபுர வீதியில் ஏறினேன். நொச்சியாகமவுக்கு அருகில் பின்சில்லின் அச்சு முறிந்தது. சந்தியிலிருந்த சிங்களத் தொழிலாளி ஒருவர் தம் தகரப்பெட்டியைக் கிளறி, பழைய அச்சொன்றை எடுத்தார். எனக்குச் சிங்களம் அரைகுறை. அவருக்குத் தமிழ் அதனினும் குறைவு. ஆனால் பெடல், செயின், பிறீவீல், போல்ஸ் என்ற சொற்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தன. அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. அச்சின் விலைக்குமேல் ஒரு சதமும் அவர் வாங்க மறுத்தார், தேநீரும் தந்தார். விலையுயர்ந்த வண்டியாக இருந்திருந்தால் அவரது தகரப்பெட்டியில் அதற்கு மருந்து இருந்திராது. அந்த அரைமணி உறவும் நேர்ந்திராது. மறுநாள் மதவாச்சி, முருங்கன் வழியாக மன்னார் சேர்ந்தேன்.

பழைய சைக்கிளைப் போற்றுவது பழமைவாதம் அன்றோ என்று சில நண்பர்கள் வினவுவர். 2022 யூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் இல்லையென அரசு கைவிரித்தபோது, மூலையிற் கிடந்த சைக்கிள்களெல்லாம் வீதிக்கு வந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றைத் திருத்த ஆட்கள் போதவில்லை; நானாவின் கொட்டிலில் இரவிலும் விளக்கெரிந்தது. நெருக்கடி தணிந்ததும் அத்தொழிலை மீண்டும் மறந்தோம். அவரிடம் தொழில் கற்க இளைஞர் எவரும் வந்திலர்.

கல்வியில் இதற்கு இடமுண்டா? 1990களின் தொடக்கத்திற் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிளோட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. உழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கிற் கற்றனர். சந்தைக்கும் கிணற்றுக்கும் வேலைத்தலத்துக்கும் எவர் துணையுமின்றிச் சென்றனர். அதற்கு அடுத்த பாடம், ஓட்டும் வண்டியைத் தாமே திருத்துவது. சனிக்கிழமைகளில் நானா எங்கள் மாணவர்கள் ஒன்பது பேருக்கு அதைக் கற்பிக்கின்றார். அவர்களுள் நால்வர் மாணவியர். சென்ற கிழமை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சில்லின் நெளிவைத் தனியே எடுத்து முடித்தாள். நானா சில்லைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கூறாமல் அடுத்த சில்லை அவளிடம் நீட்டினார்.

எந்தச் சைக்கிள் வாங்கலாம் என்று கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு நான் கூறுவது இதுவே: உங்கள் ஊர்த் திருத்துநர் திருத்தக்கூடியதை வாங்குங்கள். அவரிடம் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். நான்கு சாவிகள், ஒரு கம்பி முறுக்கி, ஒட்டுப்போடும் பசை, ஒரு காற்றுப் பம்பி. இவை அடங்கிய பெட்டியொன்றை உங்கள் பாடசாலையிலும் வையுங்கள். அவர் கை ஓய்வதற்குள் இதனைச் செய்தாக வேண்டும்.