உயரத்தில் ஒன்றும் வேண்டாம்

2025 ஐப்பசியில் கிளிநொச்சிக்குப் போயிருந்தேன். அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கும், எனக்கு மருமகன் முறையான பையன் ஒருவன், அமெச்சூர் வானொலிப் பரீட்சையில் தேறி அனுமதிப்பத்திரமும் பெற்றிருந்தான். கொழும்பில் யாரோ பாவித்து விற்ற வானொலிக் கருவி ஒன்றையும் வாங்கி வந்துவிட்டான். குறையாக இருந்தது அன்ரனா மட்டுமே. வீட்டு முற்றத்தில் நாற்பதடி இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் கம்பியைக் கட்டுவது என்பது அவன் திட்டம். குழாய்க்கு விலையும் பேசியாயிற்று. மறித்து நின்றவர் அவனுடைய தாயார்.

"அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ. எங்களுக்கு உயரத்தில ஒண்டும் வேண்டாம்" என்றார்.

பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2009 வைகாசியில் இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பெண் அவர். வன்னியில் உயரமாக நின்றவை எல்லாம் என்னவாயின என்பதை அவர் கண்ணால் கண்டவர்.

அமெச்சூர் வானொலி என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். 'ஹாம்' என்றும் இதனை அழைப்பர். ஒலிபரப்பு அல்ல, வியாபாரமும் அல்ல. அரசின் அனுமதி பெற்ற தனியாள் ஒருவர், இதற்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில், தன் வீட்டிலிருந்தபடியே அனுமதி பெற்ற இன்னொருவருடன் பேசுவது. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இந்த அனுமதியை வழங்குகிறது. நம் நாட்டு நிலையங்களின் அழைப்புக்குறி '4எஸ்' என்று தொடங்கும். இரண்டு வீடுகளுக்கும் நடுவே கோபுரம் வேண்டியதில்லை, செய்மதியும் வேண்டியதில்லை. இந்த முனையில் ஒரு கம்பி, அந்த முனையில் ஒரு கம்பி, இடையில் வானம். அவ்வளவுதான்.

கம்பி கட்டும் வித்தையை நான் கற்றுக்கொண்டது 1997இல், ஸ்கந்தபுரத்தில். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, கையில் ஒரு கலைப் பட்டமும் நாளிதழ் ஒன்றில் வேலையுமாக வன்னிக்கு வந்து சேர்ந்திருந்தேன். 1990 முதலே பொருளாதாரத் தடை. பற்றரி தடைப்பட்ட பொருள். உள்ள பற்றரிகளை வெயிலில் காயவைத்து, இறந்துபோன பிறகும் அவற்றை எழுப்பிக்கொண்டிருந்தோம். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சில்லை ஒருவர் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி பேசும். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. 1996இல் கொழும்பு தன் மணிக்கூட்டை முன்னே தள்ளியபோதும் வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. ஆகவே எங்களுக்கு அது எப்போதும் 9.15தான்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர், தபால் தந்தித் திணைக்களத்தில் தந்தியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் அவரைத் தந்தி ஐயா என்பார்கள். கிளிநொச்சி அரிசி ஆலை ஒன்றில் எரிந்துபோன மோட்டரின் சுருளைப் பிரித்து, ஒரு பனைக்கும் ஒரு வேம்புக்கும் இடையில் பதினைந்து மீற்றர் நீளத்தில் கட்டியிருந்தார். ஏன் பதினைந்து என்று கேட்டேன். "143ஐ மெகாஹேட்ஸால பிரி தம்பி, அரை அலை நீளம் மீற்றரில வரும்" என்றார். தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு அந்த ஒரே வாய்பாடு இன்றுவரை மறக்கவில்லை.

அவருடைய கம்பியில் நான் கண்ட நுட்பங்கள் எல்லாம் இல்லாமையில் பிறந்தவை. மோட்டர் சுருளின் செம்புக்கு மேல் மெருகு பூசியிருக்கும். இணைக்கும் இடத்தில் கத்தியால் சுரண்டாவிட்டால் மின்சாரம் பாயாது. மரத்தில் கம்பியை நேரே கட்டக்கூடாது. ஈரமான மரம் அலையைக் குடித்துவிடும். ஆகவே இரு முனைகளிலும் தந்திக் கம்பத்துப் பீங்கான் குமிழ்கள், அவற்றுக்கு அப்பால் கயிறு. பனை அசையாது என்று நினைப்போம்; சோளகக் காற்றில் அதன் தலை ஆடுகிற ஆட்டத்தில் இழுத்துக் கட்டிய கம்பி ஒரே நாளில் அறுந்துபோகும். எனவே வேம்பின் பக்கக் கயிற்றை ஒரு கப்பியில் போட்டு, நுனியில் கல் நிரப்பிய பால்மாத் தகரத்தைத் தொங்கவிட்டிருந்தார். காற்றடிக்கையில் தகரம் ஏறி இறங்கும், கம்பி பிழைத்துக்கொள்ளும். குரங்குகள் ஊஞ்சலாடிய நாட்களில் மட்டும் எந்த நுட்பமும் பலிக்கவில்லை.

"கேக்கிறதுக்குக் கம்பி போதும் தம்பி. கதைக்கிறதுக்குத்தான் அனுமதி வேணும்" என்று அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு வலது கையின் ஆட்காட்டி விரலால் மேசையில் மோர்ஸ் தட்டுவார். யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

ஐயா விதித்த சட்டம் ஒன்றே ஒன்று. இடி கேட்டால் கம்பியை வானொலியிலிருந்து கழற்றி, வெளியே மண்ணில் அறைந்திருக்கும் இரும்புக் கோலில் மாட்டிவிட வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடி எண்ணினால் ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி வந்துவிட்டால் பிந்திவிட்டாய், பிறகு கம்பிக்குக் கிட்டவே போகாதே என்பார். நம் நாட்டில் மின்னல் மிகுந்த காலங்கள் பங்குனி சித்திரையும் ஐப்பசி கார்த்திகையும்; இரு பருவக் காற்றுகளும் கைமாறும் இடைவெளிகள்.

அந்த ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை, ஐயா அக்கராயனுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். தூரத்தில் இடி கேட்டது. கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பந்தியை முடித்துவிட்டு எழும்புவோம் என்று நினைத்தேன். பந்தி முடியவில்லை. பனையில் விழுந்த மின்னல் கம்பி வழியே இறங்கி வந்தது. வானொலியின் பின்பக்கம் உருகி, மேசையில் கரிக்கோடு ஒன்று கிடந்தது. நான் நான்கு முழத் தூரத்தில் இருந்ததால் தப்பினேன்.

அன்றிரவும் வழக்கம்போல ஒன்பது மணிக்கு அயலவர்கள் முற்றத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு தாய். அவருடைய மகன் வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தான். ஜெயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலம். பாதை இல்லை, கடிதம் இல்லை. செய்தியில் வவுனியா என்ற சொல் வருகிறதா என்று கேட்பதற்கே அவர் வருவார். வராவிட்டால் நிம்மதியாக எழுந்து போவார். வானொலி எரிந்துவிட்டது என்று சொன்னோம். அவர் போகவில்லை. 9.45 வரை அதே இடத்தில் இருந்தார். பிறகு, "அப்ப இண்டைக்கு ஒண்டும் தெரியாது, என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார். பத்திரிகைத் தொழிலில் எவ்வளவோ பிழைகள் விட்டிருக்கிறேன், திருத்தமும் போட்டிருக்கிறேன். அந்த இரவுக்குத் திருத்தம் போட முடியவில்லை.

ஐயா ஏசவில்லை. "கட்டுறது பாதி வேலை தம்பி" என்றதோடு சரி. இன்னொரு வானொலி கிடைக்க இரண்டு மாதங்கள் ஆயின. 2003இல், சமாதான காலத்தில், தன் கட்டிலிலேயே அவர் கண்ணை மூடினார். வன்னியில் அது ஒரு கொடுப்பினை.

வானொலிக் கம்பிகளின் அருமையை அடுத்த ஆண்டு உலகமே கண்டது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, அந்தமானின் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று தற்செயலாக முகாமிட்டிருந்தது. தொலைபேசிகள் செத்தபின் தீவுகளின் செய்திகளை வெளியே கொண்டுபோனது அவர்களின் அலைவரிசை. நம் நாட்டின் தெற்கிலும் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த விக்டர் குணதிலக முதலானோர் அம்பாந்தோட்டையுடன் தொடர்பை ஏற்படுத்தினார்கள். முல்லைத்தீவுக் கரையில் நான் அன்று கண்டது வேறு: உறவுகளின் பெயர்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி, கிளிநொச்சிப் பக்கம் போகும் வாகனக்காரர் கையில் திணித்துக்கொண்டிருந்த மனிதர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோதும், மின்சாரம் போய்க் கைத்தொலைபேசிகள் பல மாவட்டங்களில் வாயடைத்தன. அதே பாடத்தை மறுபடியும் படித்தோம்.

இத்தனை தெரிந்தும் அந்தத் தாயின் அச்சத்தைப் பழமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வன்னியில் அன்ரனாவுக்கு மின்னலைவிடப் பெரிய பகை சந்தேகம். 2007 நவம்பர் 27இல் கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி நிலையம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. பணியாளர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். யுனெஸ்கோவின் அன்றைய பணிப்பாளர் நாயகம் கொய்ச்சிரோ மட்சூரா அதைக் கண்டித்தார். அந்தக் காலத்தில் கோபுரத்தின் நிழல் விழும் காணியில் குடியிருக்க எவரும் விரும்பவில்லை. போர் முடிந்த பிறகும், கூரையில் புதிதாக ஒரு குழாய் ஏறினால் 'இது என்னத்துக்கு?' என்று விசாரிக்க ஆள் வந்த காலம் இருந்தது. உயரத்தில் ஒன்றும் வேண்டாம் என்பது அறியாமை அல்ல, அனுபவம்.

எனக்குக் கைகொடுத்தது பையனின் பாடப்புத்தகந்தான். அவன் பேச விரும்பியது 7 மெகாஹேட்ஸ் பட்டையில், இலங்கைக்கு உள்ளேதான். உயரக் கட்டிய கம்பியின் அலை தாழ்வாகப் புறப்பட்டுத் தொலைதேசம் போகும். தாழக் கட்டிய கம்பியின் அலையோ ஏறத்தாழ நேரே மேலே போய், முந்நூறு கிலோமீற்றர் அளவு உயரத்தில் அயன மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போல் சுற்றிலும் இறங்கும். நம் தீவின் நீளமே சுமார் 430 கிலோமீற்றர். அந்தக் குடைக்குள் முழு நாடும் அடங்கும். அதற்கு ஐந்து ஆறு மீற்றர் உயரம் தாராளம். "மாமா, இது நான் படிச்சதுதான், யோசிக்கேல்லை" என்றான். நாற்பதடிக் குழாய் அத்தோடு போயிற்று.

அடுத்த நாள் மூவருமாகக் கட்டினோம். 143ஐ 7.1ஆல் பிரிக்க இருபது மீற்றர். நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் பத்து. முதலில் வீதியின் மின்சாரக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்தோம். அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும். தந்தி ஐயா இதைக் கற்பிக்கவில்லை. அன்று ஸ்கந்தபுரத்தில் மின்சாரக் கம்பியே இல்லை. நடுப்பகுதியை மாமரக் கிளையின் உயரத்தில் ஏற்றி, இரு முனைகளையும் தாழ இறக்கினோம். பேசும்போது முனைகளில்தான் அழுத்தம் மிகுதி, தொட்டால் சுடும். எனவே பிள்ளைகளின் கைக்கும் ஆட்டின் வாய்க்கும் எட்டாத உயரத்தில் நிறுத்தினோம். ஒரு பக்கம் கப்பியும் கல் நிரப்பிய தகரமும். கேபிள் நுழையும் யன்னலுக்கு வெளியே வாயு நிரப்பிய மின்னல் தடுப்பான் ஒன்று. அதன் கீழே எட்டடிச் செம்புக் கோல். வீட்டு மின்சார இணைப்பின் புவிக்கம்பியையும் மின்பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு அதே கோலோடு சேர்ப்பித்தோம். இரண்டும் தனித்தனியே இருந்தால் மின்னல் ஒன்றிலிருந்து மற்றதற்கு வீட்டுக்குள்ளால் பாயும். வரண்ட மண், ஆகவே கோலைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு நீர் ஊற்றினோம். அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்றைச் சட்டம் போட்டுக் கருவிக்கு மேலே தொங்கவிடச் சொன்னேன். அதுவும் ஒரு தடுப்பான்தான்.

வேம்பின் பக்க முனையில் பீங்கான் குமிழ் ஒன்றை மாட்டினேன். 2010இல் ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பிப் போனபோது தலையற்று நின்ற பனையின் அடியில் மண்ணுக்குள் கிடந்தது. பதினைந்து வருடம் என் மேசையில் கடதாசி பறக்காமல் வைத்திருந்தேன்.

பின்னேரம் மூன்றரை மணிக்குப் பையன் தன் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டான். நாலாம் முறை மாத்தறைப் பக்கத்திலிருந்து ஒருவர் பதில் தந்தார். ஐந்து-ஒன்பது, தெளிவாகக் கேட்கிறது என்றார். அங்கே மழை தொடங்கிவிட்டது, உங்கள் பக்கம் எப்படி என்று கேட்டார். பையனுக்குக் குரல் நடுங்கியது. தாயார் அடுப்படி வாசலில் கையில் அகப்பையோடு வந்து நின்று, "ஆர் அது?" என்றார். மாத்தறை என்றதும் இரண்டடி உள்ளே வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பையன் பேச்சை முடிக்கவில்லை. இரணைமடுப் பக்கம் வானம் மெல்ல உறுமியது. எனக்கும் அவனுக்கும் அது காதில் விழவில்லை.

"தம்பி," என்றார் தாயார், "சொல்லிப்போட்டுக் கழட்டு."