8.33 சதவீதமும் அக்கா மகளின் இண்டர்வியூவும்

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு. பத்து மணி வரை தூங்கலாம் என்றிருந்தேன். ஊரிலிருந்து அக்கா மகள் வீடியோ கால். "மாமா, அடுத்த வாரம் இண்டர்வியூ. ஏழாம் வகுப்புக்குச் சதவீதம் நடத்திக் காட்டணுமாம். பதினஞ்சு நிமிஷம்."

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளி. பி.எட்., கே-டெட் எல்லாம் முடித்துவிட்டாள். போன தடவை வேறொரு இடத்தில் வரையறை, சூத்திரம், எட்டுக் கணக்கு என்று மூச்சு விடாமல் நடத்தியிருக்கிறாள். "பிள்ளைங்ககிட்ட ஒரு கேள்விகூட கேக்கலையேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா இன்னும் மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறாள். ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி பண்ணணும். அதுதான் எல்லோருக்கும் பதற்றம்.

நான் பி.காம். சதவீதம்தானே நமக்குச் சோறு போடுது! கூட்டுவட்டி, இ.எம்.ஐ. என்று அள்ளி விட்டேன். "மாமா, ஏழாம் வகுப்பு!" என்றாள். சரிதான்.

அப்புறம் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று தோட்டத்துப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அதில் அக்காவும் உண்டு. கம்பெனி சொன்ன போனஸ் 10 சதவீதம், இவர்கள் கேட்டது 20. கடைசியில் 8.33 போனஸ், 11.67 கருணைத் தொகை என்று முடிந்தது. அதென்ன 8.33? பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாசச் சம்பளம். அப்போதைய போனஸ் சட்டத்தில் அதுதான் குறைந்தபட்சம்; 20 அதிகபட்சம்.

வருஷச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொண்டாள். 5,000-மும் 7,000-மும் சேர்ந்து 12,000. "10 சதவீதம் 20 ஆச்சுன்னா கைக்கு வர்ற பணம் எத்தனை சதவீதம் கூடிச்சு?"

மாணவன் நான்தான். "பத்து" என்றேன். (நடிப்புதான், நம்புங்கள்!)

"முதல்ல எவ்வளவு?"

"6,000."

"இப்ப?"

"12,000... அட, நூறு சதவீதம்!"

இந்தத் தப்பைத்தான் நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டாள். பிள்ளை எங்கே சறுக்கும், அப்போது என்ன கேட்பது, அதற்கு எத்தனை நிமிஷம் விடுவது என்று அதிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டாள். எட்டுக் கணக்கு இரண்டாகிவிட்டது. வங்கியில் எனக்கு யாரும் இப்படிப் பயிற்சி கொடுத்ததில்லை.

பின்னாலிருந்து அக்கா குரல்: "ஏன்டா, அந்த 11.67-ஐ மட்டும் ஏன் போனஸ்னு சொல்லாம கருணைன்னாங்க? அதையும் பாடத்துல சேக்கச் சொல்லு."

"அது கணக்குப் பாடம் இல்லக்கா" என்றேன்.

"பின்ன என்ன பாடம்?" என்றாள் மகள், பேனாவை எடுத்துக்கொண்டே.