இலாபம் ஒருவருக்கு, நஞ்சு எவருக்கு?

மின்பொருளை ஆக்குவோரும் விற்போரும் இலாபம் கொள்கின்றனர். அப்பொருள் பழுதாகிக் கழிவானபின் அதற்குப் பொறுப்பாளி யார்? சந்தை இவ்வினாவுக்கு விடை கூறுவதில்லை. ஓசையின்றி ஏழையின் தலையில் அச்சுமையை ஏற்றிவிடுகிறது.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகிற் சேர்ந்த மின், இலத்திரனியற் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என ஐக்கிய நாடுகள் சபை அறிக்கை கூறுகின்றது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதெனப் பதிவானது 22.3 சதவீதமே. எஞ்சியது எங்கே சென்றது?

கானா நாட்டுத் தலைநகர் அக்ராவின் அக்பொக்புளோசி இதற்கொரு சாட்சி. பாவித்த பொருட்கள் என்னும் பெயரில் செல்வ நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த கணினிகளும் தொலைக்காட்சிகளும் அங்கே உடைக்கப்பட்டன. செம்புக்காக இளைஞர்கள் மின்கம்பிகளைக் கொளுத்தினர். கம்பியின் பிளாஸ்ரிக் உறை எரிகையில் டயொக்சின் என்னும் நஞ்சு பிறக்கின்றது. செம்பு சந்தைக்குச் சென்றது. புகை அவர்களது நுரையீரலிற் புகுந்தது. 2021 ஜூலையில் அரசாங்கம் அவ்விடத்தை இடித்து அகற்றியது. தொழிலாளர் விரட்டப்பட்டனரேயன்றி, அவர்களை அங்கே கொண்டுசேர்த்த வறுமை அகலவில்லை.

பழுதான கைத்தொலைபேசியொன்றை, அதனை விற்ற கடைக்கே நாம் ஒருமுறை கொண்டுசென்றோம். “விற்கிறதுதான் எங்கட வேலை, ஐயா” என்றார் கடைக்காரர். அவர் கூறியது பொய்யன்று. ஒரு பொருளாதார ஒழுங்கு முழுவதும் அவ்வொரு வசனத்துள் அடங்கியிருந்தது.

ஆயின் இவ்வொழுங்கு இயற்கை நியதியன்று. பொருளின் முடிவுக்கும் அதனை உற்பத்தி செய்தவரே பொறுப்பேற்க வேண்டும் என்னும் கொள்கையைச் சுவீடன் ஆய்வாளர் தோமஸ் லிண்ட்குவிஸ்ட் 1990இல் முன்வைத்தார். 2003இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், மின்பொருட் கழிவில் அக்கொள்கையைக் கடமையாக்கிற்று. புதியதை விற்கும் வணிகர், அதே வகையான பழையதை இலவசமாக ஏற்றல் வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 400 சதுர மீற்றருக்குக் குறையாத மின்பொருட் கடைகள், எதனையும் வாங்காதவரிடமிருந்தும் சிறு கருவிகளைப் பொதுவாகப் பெற்றாகவேண்டும்.

இது வெறுங் குப்பை பொறுக்கும் ஏற்பாடன்று. பிரித்தெடுக்கும் செலவு தம்மையே சாருமெனின், உற்பத்தியாளர் மின்கலத்தைப் பசையிட்டு ஒட்டுமுன் சிந்திப்பர். திருத்தக்கூடியதாகவும் நீடித்து உழைப்பதாகவும் பொருளை ஆக்க முனைவர். ஆனால், பழையது எல்லை கடந்துவிட்டால் அப்பொறுப்பும் எல்லையிலேயே நின்றுவிடுகின்றது. இச்சட்டத்தின் பெருங்குறை இதுவே.

விலைச்சீட்டில் எழுதப்படாத ஒரு தொகையை எங்கோ ஓர் இளைஞன் தன் மூச்சினாற் செலுத்துகிறான். அத்தொகை உற்பத்தியாளர் கணக்கில், எந்நாட்டிலாயினும், எழுதப்படவேண்டும். நாம் கேட்பது தருமமன்று, நியாயமான கணக்கு.