நான்கு குரல்களுக்குள்

கதவைத் திறந்தவர் கையில் கேம் பாய் இருந்தது. 1989-இல் நிண்டெண்டோ வெளியிட்ட அதே சாம்பல் நிறப் பெட்டி, அதே பச்சை பூத்த திரை. டோக்கியோவின் கோஎன்ஜி பகுதியில், பழைய துணிக் கடைகளும் சின்னச் சின்ன இசை அரங்குகளும் நெருக்கியடிக்கும் சந்து ஒன்றின் மாடியறை. இரண்டு பேர் கால் நீட்டினால் நிறைந்துவிடும். அவருக்குப் பகலில் அலுவலக வேலை, இரவில் இசை. பெயர் போட வேண்டாம் என்றார்.

இந்தப் பெட்டிக்குள் நான்கு ஒலித்தடங்கள்தான். சதுர அலைக்கு இரண்டு, நாமே வரைந்துகொள்ளும் அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று. வரையும் அலைக்கும் 32 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 16 உயரங்கள், அவ்வளவே. விளையாட்டுக்கென்று செய்த இந்தச் சில்லை இசைக்கருவியாக்கியவர்கள் பிறகு வந்தார்கள். ஹாம்பர்க்கில் கலை மாணவராக இருந்த ஆலிவர் விட்சோ 1998-இல் நானோலூப் என்ற இசை மென்பொருளை எழுதினார். ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000-இல் லிட்டில் சவுண்ட் டிஜே கொண்டுவந்தார். இந்த மாடியறைக்காரர் வேலை செய்வது இரண்டாவதில்.

கருவியின் எல்லை போதாதென்று தன் பங்குக்கும் சில வேலிகள் போட்டிருக்கிறார். ஒரே ஒரு கேம் பாய். கணினியில் எதையும் சேர்ப்பதில்லை, எதிரொலிகூட. பதிவு ஒரே ஓட்டத்தில் முடிய வேண்டும். மேசையில் நல்ல கணினி இருக்கிறது. "அதில் ஒரு டிரம் ஒலியைத் தேடி எடுக்கவே ஒரு ராத்திரி போய்விடும். காலையில் பார்த்தால் பாட்டு இருக்காது" என்றார்.

திரையில் எண்கள் மட்டுமே. ஒரு இசைத்தொடருக்குப் பதினாறு படிகள். ஒரு படியின் ஓரத்தில் 'சி 37' என்று இட்டார். ஒரே தடம் ஷட்ஜம், அதிலிருந்து மூன்றாம் அரைச்சுரமான சாதாரண காந்தாரம், ஏழாவதான பஞ்சமம் என்று மாறி மாறி ஓடத் தொடங்கியது. ஓட்டம் அவ்வளவு வேகம், காது மூன்றையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. 37-ஐ 47 ஆக்கினார். காந்தாரம் அந்தர காந்தாரமானது, அறையே வெளிச்சமானதுபோல் இருந்தது. எதிரொலிக்கும் இதே வழிதான்: மெட்டு இளைப்பாறும் படிகளில் அதே சுரத்தைச் சத்தம் குறைத்து மறுபடி வைக்கிறார்.

சிக்கல் மூன்றாவது தடத்தில். அவருடைய பேஸும் கிக் டிரம்மும் அதில்தான். முரசு விழும்போது பேஸ் வாய்மூட வேண்டும். எந்தப் படியில் யார் வழிவிடுவது என்று ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முரசை முன்னே தள்ளினார், பேஸைக் குறுக்கினார், ஐந்தாம் படியைக் காலியாக விட்டார், திரும்பக் கேட்டார், கலைத்தார். நான் பார்த்த உழைப்பெல்லாம் இந்த இடத்தில்தான்.

திருச்செந்திலுக்கு நிரோட்டக யமக அந்தாதி பாடிய சிவப்பிரகாசரை நினைத்துக்கொண்டேன். உதடு ஒட்டும் எழுத்து ஒன்றும் வரக்கூடாது, கூடவே, ஒரே எழுத்துத்தொடர் வேறு பொருளில் திரும்பி வரும் யமகம், அந்தாதித் தொடை. ப, ம இல்லாத தமிழில் முருகனைப் பாடப் புகுந்தவருக்கு ஒவ்வொரு சொல்லையும் புதிதாகத் தேட வேண்டியிருந்திருக்கும். அவர் அதை விரும்பித்தான் ஏற்றார் என்று நம்புகிறேன்.

சேமிப்பதும் இங்கே லேசில்லை. கேட்ரிட்ஜுக்குள் ஒரு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்தால் உள்ளே இருப்பது போச்சு. ஒருமுறை அப்படி ஒரு குளிர்காலத்தின் வேலை முழுக்கப் போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் விரல்கள் நின்றன. பிறகு எதையும் நினைவிலிருந்து திருப்பி எழுதவில்லையாம், புதிதாகத் தொடங்கியிருக்கிறார்.

ஹெட்போனை என்னிடம் நீட்டினார். ஐந்தாம் படியில் எதுவுமில்லை என்று தெரிந்தே கேட்டேன். இருந்தும் அங்கே பேஸ் நிற்காமல் ஓடுவதாகவே காது அடித்துச் சொன்னது. நான்கு சுற்றுக் கேட்ட பிறகும் அதேதான். அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, வேகமாகத் தலையாட்டினார். அதற்குள் திரையோரச் சிவப்பு விளக்கு மங்கத் தொடங்கியிருந்தது. பாட்டைச் சேமித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து நான்கு பேட்டரிகளை எடுத்தார்.