பின்ஸ் சாலையிலிருந்து கல்கத்தாவுக்கு

லிவர்பூல் நகர மையத்துக்குக் கிழக்கே உள்ள பின்ஸ் சாலையில் பார்க்கத்தக்கதாக ஏதுமில்லை. கிடங்குகள், பட்டறைகள், வந்துபோகும் லாரிகள். ஆனால் பொம்மைக் கார் சேகரிப்பவர்களுக்கு இது க்ஷேத்திரம் மாதிரி. 1914-லிருந்து இங்கே இயங்கிய மெக்கானோ தொழிற்சாலையில்தான் 'டிங்கி' கார்கள் பிறந்தன. கட்டடம் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. பழைய விலைப்பட்டியல்களில் அச்சான முகவரி மட்டும் மிச்சமிருக்கிறது.

மெக்கானோவை நிறுவிய ஃபிராங்க் ஹார்ன்பி முதலில் கார்களைப் பெரிதாக நினைக்கவில்லை. தன் பொம்மை ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கச் சில வண்டிகள் தேவைப்பட்டன, அவ்வளவுதான். 1933-இல் வெளிவந்த அந்த ஆறு வண்டிகள் கொண்ட தொகுதியில் முதல் எண் பெற்றது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். மறு ஆண்டு 'டிங்கி' என்ற பெயர் வந்தது. கொஞ்ச காலத்திலேயே, ரயிலுக்குத் துணையாக வந்த கார்கள் தனியாகவே பிள்ளைகளைக் கவர்ந்துவிட்டன.

முதல் கார்கள் ஈயத்தில் வார்க்கப்பட்டன. பிறகு துத்தநாகக் கலவைக்கு மாறினார்கள். உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தினால் கதவுக் கோடுகூடப் பிசகாமல் வரும். ஆனால் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து, உப்பி, பொடியாகிவிடும். போருக்கு முந்தைய டிங்கி கார்களில் பல இப்படித்தான் அலமாரிக்குள் இருந்தபடியே உதிர்கின்றன. இதற்கு மருந்து கிடையாது. ஆயிரக்கணக்கில் பவுண்டு கொடுத்து வாங்கியவர் என்ன செய்ய முடியும்? ஈரமும் வெப்பமும் படாமல் வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கலாம்.

1956-இல் ஸ்வான்ஸீயிலிருந்து ஜன்னல் கண்ணாடியோடு வந்த 'கார்கி' கார்கள் டிங்கிக்குச் சரியான போட்டி. அறுபதுகளில் ஜாகுவார் ஈ-டைப், எம்.ஜி.பி. என்று டிங்கியும் ஈடுகொடுத்தது. ஆனாலும் 1964-இல் நிறுவனம் கைமாறியது. பழசாகிப்போன அச்சுகளில் சில கப்பலேறி இந்தியா வந்தன.

இங்கேதான் கதையில் சுவாரசியம். அன்றைய கல்கத்தாவில் அந்த அச்சுகளிலிருந்து வார்க்கப்பட்ட கார்கள் 'நிக்கி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. வெளிநாட்டுப் பொம்மைகள் எளிதில் நுழைய முடியாத காலம் அது. அதே ஈ-டைப், அதே எம்.ஜி.பி. ஆனால் பெயின்ட் தடிமனாக அப்பியிருக்கும், ஓரங்களில் பிசிறு நிற்கும். சில கார்களின் அடித்தகட்டில் 'டிங்கி' என்ற எழுத்தைச் சுரண்டிய தடம் அப்படியே தெரியும். பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் ஒரு காலத்தில் இதை மட்டரகம் என்று ஒதுக்கியதில் வியப்பில்லை. இன்று அந்தச் சுரண்டலைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள்.

பின்ஸ் சாலையின் முடிவு சோகமானது. 1979 நவம்பர் 30 அன்று, அப்போதைய உரிமையாளரான ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஆலையைத் திடீரென மூடியது. சுமார் 900 பேர் வேலை இழந்தார்கள். தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து மாதக்கணக்கில் போராடியும் பலனில்லை. ஏலத்தில் டிங்கி கார்களின் விலை ஏறுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பெயர் மட்டும் சாகவில்லை. 1987-இல் மேட்ச்பாக்ஸ் அதை வாங்கி, அடுத்த ஆண்டே வளர்ந்தவர்களுக்கென்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மாதிரிகளைச் செய்து விற்றது. பிறகு பொம்மைக் கார் உலகெங்கும் 'குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டுமே' என்ற வாசகம் பரவியது. வரிசை எண், சான்றிதழ், பிரிக்கக்கூடாத பெட்டி என்று ஏக மரியாதை. ஆனால் வாங்கிய அத்தனை பேரும் பெட்டியைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தினால் அந்தப் பொருள் எப்படி அரிதாகும்? 1937-இன் டிங்கி வேன் ஒன்று 2008-இல் 19,975 பவுண்டுக்கு ஏலம் போனதற்குக் காரணம், அதன் கூட்டாளிகளை எல்லாம் பிள்ளைகள் உருட்டி, மோதி, தொலைத்துவிட்டதுதான்.

எனவே விவரம் தெரிந்தவர்கள் சான்றிதழைப் பார்ப்பதில்லை. காரைக் கையில் எடுத்ததும் கவிழ்த்து அடித்தகட்டைப் பார்ப்பார்கள். புதிதாக பெயின்ட் அடித்திருக்கிறதா, சக்கரம் மாற்றப்பட்டிருக்கிறதா, பெட்டி அசலா நகலா என்பது அப்புறம்.

அப்படிக் கவிழ்த்துப் பார்க்கும்போது தமிழர்களுக்குப் பரிச்சயமான ஒரு பெயரும் தட்டுப்படும். லிவர்பூலில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்று பிறந்த அச்சு, கல்கத்தாவில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆனது. சென்னையை அடுத்த வண்டலூரில் அப்போது தயாராகிக்கொண்டிருந்த நிஜக் காரின் பெயர் அது.