கடைமடைக்கு ஒரு தனி வாய்க்கால்

மன்னார்குடி மதிலழகு என்பது எங்கள் பக்கத்து வழக்கு. இராஜகோபாலசுவாமி கோயில் மதிலைக் கண்டு எழுந்த சொல் அது. ஊரின் பழைய தெருவீடுகளில் வாழ்கிறவர்களுக்கோ வீட்டுச் சுவரும் ஏறத்தாழ மதில்தான். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துத் தடிமனாக எழுப்பியவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று வீடு பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். கோடையைத் தடுப்பதற்காகக் கட்டிய இச்சுவர்கள் இன்று வைஃபை அலைகளையும் தடுக்கின்றன.

இணைய இழை வாசல்வழி வருகிறது. ரவுட்டர் கூடத்தில் அமர்கிறது. அங்கே வெள்ளமாக இருப்பது அடுக்களையை எட்டும்போது சொட்டுச் சொட்டாகிவிடும். கூடம் ஆண்களுக்கு, பின்கட்டு பெண்களுக்கு என்றிருந்த பழைய ஏற்பாட்டை இந்தச் சிறு பெட்டி எவரும் கேளாமலே மீண்டும் நிலைநாட்டிவிட்டது. பின்கட்டில் இருக்கும் எங்கள் பெரியம்மா, சிங்கப்பூரிலிருந்து மகள் அழைக்கும்போதெல்லாம் கைபேசியுடன் வாசலுக்கு வர நேர்ந்தது. திண்ணையில் உட்கார்ந்து, தெரு கேட்கத் தக்கவற்றை மட்டுமே அவர் பேசினார்.

இதற்கு இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. ஒன்று மெஷ்: இரண்டு மூன்று கருவிகளை இடைவெளிவிட்டு வைத்தால், அவை கம்பியில்லாமலே ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தும். மற்றொன்று, ரவுட்டரிலிருந்து ஒவ்வொரு கட்டுக்கும் கேபிள் இழுத்து, அதன் முனையில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் பொருத்துவது.

டெல்டாக்காரர்களுக்கு இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்வது எளிது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணியாறாகி எங்கள் ஊரைத் தொடுகிறது. அதன்பின் வாய்க்காலிலிருந்து நேரே மடை உள்ள வயலும் உண்டு. மேல்வயல் நிறைந்து, வரப்பை வெட்டிவிட்ட பிறகே நனையும் வயலும் உண்டு. மெஷ் இரண்டாம் வகை. ஒரே அலைக்கற்றையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டிய கருவி ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய இயலாது; ஆகவே ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. விலை கூடியவை தமக்குள் பேசிக்கொள்ள ஓர் அலைக்கற்றையைத் தனியே ஒதுக்கிக்கொள்கின்றன. ஆயினும் அதுவும் சுவரைக் கடந்தாக வேண்டும். வேகம் மிக்க 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சுவரில் அதிகம் தேய்கிறது.

கேபிளுக்குச் சுவர் பொருட்டல்ல. கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைக் குறைவின்றிக் கொண்டுசெல்லும். எங்கள் தெருவின் மிக நீண்ட வீடும் அதற்குள் அடங்கும். 2003-இல் வகுக்கப்பட்ட தரத்தின்படி அதே கேபிள்வழி மின்சாரத்தையும் அனுப்பலாம். கூடத்துக் கருவிகளுக்கு மட்டும் இன்வர்ட்டர் இணைப்புக் கொடுத்தால், மின்வெட்டிலும் பின்கட்டு துண்டிக்கப்படாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல நாள் இருளில் இருந்த பகுதி இது என்பதால் அந்தக் கணக்கும் எங்கள் மனத்தில் இருந்தது.

கம்பி என்றாலே பழமை என நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. ஹவாய்த் தீவுகளின் கணினிகளை நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் வானொலி அலைகளால் இணைத்தனர். அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு, 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் அதைக் கேபிளுக்குள் கொண்டுவந்தார் ராபர்ட் மெட்காஃப். ஈதர்நெட் அப்படிப் பிறந்தது. அவ்வகையில் கம்பியற்றதுதான் மூத்தது.

மெஷ்ஷுக்கும் நியாயம் உண்டு. வாடகை வீட்டில் ஆணியடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். சுவர் மெலிந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அதுவே போதும். எங்கள் வீட்டிலும் சித்தப்பா அதன் பக்கம்தான் நின்றார். “தாத்தா கட்டின சுவரைத் துளைக்கணுமா?” என்ற அவர் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியவில்லை. பங்காளிகள் அனைவருக்கும் உரிய சுவர் அது. துளைத்தபின் பழைய காரைப்பூச்சு உதிரத் தொடங்கினால் அதே பக்குவத்தில் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இப்போது அரிது.

முடிவில், நிலைப்படிகளுக்கு மேலே மூன்று துளைகள் போதும் என்று கணக்கிட்டோம். இடிமழைக்கு அஞ்சி, கேபிளைத் திறந்த முற்றத்தின் குறுக்கே விடாமல் தாழ்வாரக் கூரையை ஒட்டிச் சுற்றிக் கொண்டுசென்றோம். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் வைத்ததால், நடந்துகொண்டே பேசினாலும் கைபேசி தானே இடம் மாறிக்கொள்கிறது. துளையிட்ட அன்று சித்தப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூசு அடங்கும்வரை எதுவும் சொல்லவில்லை.

பெரியம்மா இப்போது அடுக்களையில் அமர்ந்து மகளுடன் பேசுகிறார். சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகிறது. கதவைச் சாத்திக்கொள்கிறார். இருவரும் என்ன பேசுகிறார்கள் என்பது கூடத்தில் இருக்கும் எங்களுக்குக் கேட்பதில்லை.