சாயத்தண்ணி எங்கே போகும்?



போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை பேத்தி ஒரு சந்தேகம் கேட்டாள். "நாடு வளரும்போது முதலில் மாசு கூடுமாம், நல்ல வசதி வந்ததும் குறைஞ்சிடுமாம். நெசமாங்க அம்மாயி?" கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு வளைகோடு, குஸ்நெட்ஸ் என்ற அறிஞர் பெயரில் வழங்குகிறது. நான் படித்தது வெறும் ஆசிரியர் பயிற்சிதான். ஆனாலும் நொய்யல் கரையில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் என்ற தைரியத்தில், பாதிதான் நெசம் என்றேன்.

வெள்ளிங்கிரி மலையில் தெளிவாகப் பிறக்கிற ஆறு அது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி சூடுபிடித்ததும் சாயப்பட்டறைகள் பெருகின. துணியில் சாயம் பிடிக்க உப்பு மூட்டை மூட்டையாக வேண்டும். நிறத்தையாவது எடுத்துவிடலாம், தண்ணியில் கரைந்த உப்பை எடுப்பது லேசில்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்திலேயே சாயத்தண்ணித் தொட்டி ஆனது. கிணறெல்லாம் உப்பு. என் வகுப்பில் தோட்டத்துக்காரர் பிள்ளையும் சாயப்பட்டறைத் தொழிலாளி பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யார் பக்கம் பேசுவது?

ஊருக்குப் பணம் வந்தது, ஆறு தானாகத் தேறவில்லை. விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேல் மூடின. அப்போது வேலை போய் நின்றவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. கழிவை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைச் சுண்டக் காய்ச்சி, உப்பை மீட்டு மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை ஊன்றியது அதன் பிறகுதான். செலவு கொஞ்சநஞ்சமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அசல் மான்செஸ்டரில் ஓடும் இர்வெல் ஆறும் ஒரு காலத்தில் ஆலைக்கழிவிலும் சாயத்திலும் நாறியதுதான். பிறகு தேறியது. சுத்திகரிப்பு ஒரு காரணம். பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடியது இன்னொரு காரணம். அதற்காக அவர்கள் சட்டை போடுவதை விட்டுவிட்டார்களா என்ன? அவர்கள் துணிக்கு நம் ஊரில் சாயம் ஏறியது. இங்கே விலை கூடினால் ஆர்டர் டாக்கா பக்கம் போகிறது. அங்கே துராக் ஆற்றில் சாயத்தண்ணி கலக்கிறது. கிண்ணத்தின் ஒரு பக்கம் இறங்கும்போது இன்னொரு நாட்டில் ஏறுகிறது. புத்தகத்தில் போடும் கோட்டில் இது தெரியாது.

சாயப்பட்டறை நடத்தும் என் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு கிலோ துணிக்குச் சுத்திகரிப்புச் செலவு இன்றைக்கு எவ்வளவு ஆகிறது? அதில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் விலையில் சேர்த்துத் தருவது எவ்வளவு? கீழே எழுதுங்க கண்ணுகளா.